செசோன் பீரை ருசிப்பது எப்படி: பழம் போடாத பீரில் பழ வாசனை

செசோன் என்பது பெல்ஜியத்தில் பிறந்த ஒரு பீர் வகை. அதன் பாட்டிலைத் திறந்து கிளாஸில் ஊற்றினால் பீர் வாசனைக்கு முன்னால் பழ வாசனை வந்து நிற்கும். எலுமிச்சைத் தோல், ஆரஞ்சு, கொஞ்சம் பேரிக்காய், அதற்குப் பின்னாலேயே மூக்கில் ஏறுகிற மிளகு. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பல பாட்டில்களில் தண்ணீர், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்), ஹாப்ஸ் (கசப்புக்கும் வாசனைக்கும் போடும் ஒரு கொடியின் பூ), ஈஸ்ட் (நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்) இவ்வளவுதான் எழுதியிருக்கும், பழம் என்று ஒன்றுமே இருக்காது. அப்போது அந்த எலுமிச்சை எங்கிருந்து வந்தது? செசோனை ருசித்துப் பழகுவது என்றால் என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்விக்கு மூக்காலும் நாக்காலும் பதில் கண்டுபிடிப்பதுதான். ஈஸ்ட், ஹாப்ஸ், புளிப்பு, நிஜமாகவே போட்ட பழத்தோல் என்று நான்கு இடங்களிலிருந்து அது வரலாம். நான்கும் கிளாஸில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டால் மற்ற வர்ணனையெல்லாம் தானாக வரும்.

எந்த பாட்டிலில் ஆரம்பிப்பது

பழகுவதற்கு செசோன் டுபோன் வாங்குங்கள், வேறு யோசனையே வேண்டாம். பெல்ஜியத்தின் தெற்குப் பாதி, பிரெஞ்சு பேசும் வலோனியா, அதில் எனோ மாகாணத்தில் தூர்ப் என்ற சின்ன ஊர். 1844 முதல் ஒரு பண்ணையோடு சேர்ந்தே பீர் காய்ச்சி வந்த இடம் அது, 1920இல் டுபோன் குடும்பத்தின் கைக்கு வந்தது. இதில் ஆல்கஹால் 6.5%. மற்ற ஊர்களில் செசோன் காய்ச்சுகிறவர்கள் அளவுகோலாக வைத்துக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். பீர் பற்றி எழுதிய மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இவர் இங்கிலாந்துக்காரர், 2007இல் காலமானார்) விடாமல் புகழ்ந்து எழுதியதும் இதன் பெயர் வெளிநாட்டில் பரவ ஒரு காரணம்.

செசோன் என்றாலே ஒரு கதை சொல்வார்கள். கோடையில் அறுவடைக்கு வரும் கூலி ஆட்களுக்காக வலோனியப் பண்ணைகளில் குளிர்காலத்திலேயே காய்ச்சி வைத்த பீர் இது என்று. கோடை வெயிலில் காய்ச்சினால் கெட்டுப்போகும் என்பதால் குளிர்காலத்தில் காய்ச்சியது நம்பக்கூடியதுதான். ஆனால் வயலில் நாள் முழுக்க வேலை செய்கிறவர் 6.5% பீரைத் தாகத்துக்குக் குடித்தால் சாயங்காலம் அரிவாளைப் பிடிக்க முடியாது, அதனால் அந்தக் கால பீர் இதைவிட நிறைய லேசாக இருந்திருக்க வேண்டும், பல மாதம் மரப்பீப்பாயில் கிடந்ததால் புளிப்பும் ஏறியிருக்கும். இன்று நாம் குடிப்பது இருபதாம் நூற்றாண்டில் உருவான வடிவம். கதையை ரசியுங்கள், ருசிக்கும்போது மட்டும் அதை ஓரமாக வைத்துவிடுங்கள்.

இன்னொரு பாட்டிலும் சேர்த்து வாங்க முடிந்தால் நல்லது, ஏனென்றால் ஒன்றைத் தனியாகக் குடித்து எதையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு கான்சஸ் சிட்டியில் பூலவார்ட் கம்பெனி காய்ச்சும் டேங்க் 7 சுலபமாகக் கிடைக்கும். 8.5%, அமரில்லோ என்ற அமெரிக்க ஹாப்ஸ் போட்டது. புரூக்ளின் பிரூவரி (பிரூவரி என்றால் பீர் ஆலை) காய்ச்சும் சொராச்சி ஏஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

டுபோன் பெரும்பாலும் பச்சைக் கண்ணாடி பாட்டிலில் வருகிறது. பார்க்க அழகு, பீருக்குக் கெடுதல். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால் அது உடைந்து, பீரில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து ஒரு நாற்றப் பொருள் உண்டாகும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்துக்கு மிக நெருக்கமானது அது, நம் ஆட்களுக்கு ரப்பர் கருகிய நாற்றம் என்றோ கெட்டுப்போன காபித்தூள் என்றோ தோன்றும். பழுப்புக் கண்ணாடி இந்த வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும், பச்சை அவ்வளவு தடுக்காது. நேர் வெயில் என்றால் சில நிமிடமே போதும், கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே நாள்கணக்கில் நின்ற பாட்டிலிலும் இது வந்துவிடும். ஆகவே அலமாரியின் முன்வரிசையில் பளபளவென்று நிற்பதை எடுக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் இன்னும் திறக்காமல் இருப்பதிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

தேதியையும் பாருங்கள். ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட அமெரிக்க வகைகளுக்கு வயசாகக் கூடாது, சில மாதங்களிலேயே அந்த எலுமிச்சை வாசம் மங்கிவிடும். டுபோன் மாதிரி பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கிற பீர் கொஞ்சம் தாங்கும், அதுவும் இருட்டில் குளிர்ச்சியாக வைத்திருந்தால்.

ருசிப்பதற்கு முன்னால்

முதல் நாளே பாட்டிலை ஃபிரிட்ஜில் நிற்க வைத்துவிடுங்கள். அடியில் ஈஸ்ட் வண்டல் படிய வேண்டும், அதோடு இந்த பீரில் கேஸ் ரொம்ப அதிகம், சூடாக இருக்கும்போதோ குலுங்கியிருக்கும்போதோ திறந்தால் பாதி மேஜைக்குத்தான் போகும். கார்க் போட்ட 750 மில்லி பாட்டில் என்றால் ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, கார்க்கைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெதுவாகத் திருப்புங்கள். அந்தப் பெரிய பாட்டிலைத் தனியாக முடிக்க நினைக்காதீர்கள், மூன்று நான்கு பேருக்கு ருசி பார்க்க அது தாராளம். யாரும் வண்டி எடுக்கக் கூடாது என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

கிளாஸ் எது? வாய் கொஞ்சம் குறுகி, வயிறு பருத்த எதுவும் சரி, வீட்டில் ஒயின் கிளாஸ் இருந்தால் அதுவே போதும். ஃபிரீசரில் வைத்து உறைய வைத்த மக் வேண்டவே வேண்டாம், அந்தக் குளிரில் வாசனை எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். கிளாஸில் சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஊற்றியதும் கண்ணாடியின் உள்பக்கம் ஒரே இடத்தில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சுத்தமில்லை என்று அர்த்தம்.

இப்போது சமையலறைக்குப் போய் ஒரு தட்டு தயார் செய்யுங்கள், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். எலுமிச்சைத் தோல் ஒரு சீவல், அதே எலுமிச்சையின் சாறு ஒரு ஸ்பூன், ஆரஞ்சுத் தோல், சாத்துக்குடித் தோல், கிடைத்தால் பம்ப்ளிமாஸ் ஒரு சுளை அதன் வெள்ளைச் சதையோடு. அப்புறம் இடித்த மிளகு, ஒரு கிராம்பு, உள்ளங்கையில் தேய்த்த கொத்தமல்லி விதை. ஒரு துண்டு காய்ந்த வைக்கோல் எங்கேயாவது கிடைத்தால் அதையும் வையுங்கள். பீரைத் தொடும் முன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பாருங்கள். பீர் விமர்சனங்களில் அடிக்கடி வரும் கிரேப்ஃப்ரூட் வாசனை நம்மில் பலருக்குப் பழக்கமில்லை, ஆனால் அது பம்ப்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம், அதனால் பம்ப்ளிமாஸ் தெரிந்தவர்களுக்குப் பாதி வழி ஏற்கெனவே தெரியும். தோலின் வாசமும் சாற்றின் வாசமும் எவ்வளவு வேறு என்பதை இந்தத் தட்டில் ஒரு தடவை கவனித்துவிட்டால் பிறகு சும்மா எலுமிச்சை என்று எழுதிவிட்டு நகர மனசு வராது.

ஊற்றுவதும் பார்ப்பதும்

7 முதல் 10 டிகிரி செல்சியஸில் ஆரம்பிப்பது நல்லது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு கால் மணி நேரம் வெளியே வைத்தால் கிட்டத்தட்ட அங்கே வரும், நம்மூர் வெயிலில் அதற்கும் குறைவு. கிளாஸைச் சாய்த்து ஊற்ற ஆரம்பித்து பாதியில் நிமிர்த்துங்கள், மூன்று விரல் உயரம் நுரை வேண்டும். பாட்டிலின் அடியில் ஒரு அங்குலம் மிச்சம் வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

பார்ப்பதில் அதிக நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை. இளம் பொன் நிறத்திலிருந்து ஆரஞ்சு வரை, லேசான கலங்கல், வெள்ளை வெளேரென்று அடர்த்தியான நுரை, குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் அது வளையம் வளையமாக ஒட்டும். நுரை நிற்காமல் உடனே படுத்துவிட்டால் கிளாஸையோ பாட்டிலின் வயதையோ சந்தேகப்படுங்கள்.

முகர்வது

கிளாஸை மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து முதல் முகர்வு, பிறகு பக்கத்தில் கொண்டுவந்து இரண்டு மூன்று குட்டி முகர்வு. ஆழமாக இழுத்துக்கொண்டே இருந்தால் மூக்கு சீக்கிரம் பழகிப்போய் எதையும் சொல்லாது, அப்படி ஆனால் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். அப்புறம் கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி லேசாகச் சுழற்றி, கையை எடுத்ததும் முகருங்கள்.

டுபோனில் எனக்கு முதலில் வருவது எலுமிச்சையின் மேல்தோல், சாறு இல்லை. அதன் பின்னால் ஆரஞ்சு, கொஞ்சம் பேரிக்காய். பிறகு மிளகு, அதோடு ஒட்டிக்கொண்டு மிக லேசாகக் கிராம்பு. கடைசியில் புல், வைக்கோல், மழை பெய்து காய்ந்த மண் மாதிரி ஒன்று. இந்த வரிசை எல்லோருக்கும் இதேபோல் வர வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் பழம், மசாலா, புல் என்ற மூன்று கூட்டமும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதில் பழமும் மசாலாவும் பெரும்பகுதி ஈஸ்ட் வேலை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் உண்டாக்கும்போது கூடவே எஸ்டர் என்ற வாசனைப் பொருள்களையும் விடுகிறது. அதில் ஒன்று வாழைப்பழம் மாதிரி, இன்னொன்று ஆப்பிள் மாதிரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயல். கிராம்புக்கும் மிளகுச் சாயலில் ஒரு பங்குக்கும் காரணம் வேறு. மால்ட்டின் உமியிலிருந்து வரும் ஃபெருலிக் அமிலத்தை இந்த வகை ஈஸ்ட் மாற்றி 4-வினைல் குவையாகால் என்ற பொருளாக்கும். ஜெர்மனியின் பவேரியக் கோதுமை பீரில் வரும் கிராம்பு வாசனையும் இதே பொருள்தான். சாதாரண லாகர் (குளிரில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்ட்டுக்கு இந்த வித்தை தெரியாது.

வெப்பமும் இதில் சேர்த்தி. லாகர் நொதிப்பது 10 டிகிரி பக்கத்தில், ஏல் என்ற இன்னொரு பெரிய பீர் குடும்பத்தில் பெரும்பாலானவை 20 டிகிரி பக்கத்தில். டுபோனில் நொதிப்பு 30 டிகிரியைத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டில் வேறு ஈஸ்ட்டை விட்டால் பெயிண்ட் தின்னர் வாசனைதான் மிஞ்சும், இந்த ஈஸ்ட்டோ அங்கேதான் பழத்தையும் மிளகையும் கொட்டுகிறது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இதன் குணம் நன்றாகத் தெரியும்: குளிரவிட்டால் பாதியில் படுத்துக்கொள்ளும், சூடேற்றினால்தான் மறுபடி எழுந்து வேலையை முடிக்கும்.

ஈஸ்ட்டா ஹாப்ஸா

இங்கேதான் இரண்டாவது பாட்டில் உதவும். சொராச்சி ஏஸ் என்பது ஜப்பானில் சப்போரோ கம்பெனி 1980களில் உருவாக்கிய ஹாப்ஸ் வகை, எலுமிச்சை வாசம் அதற்குப் பேர் போனது, கூடவே சோவக்கீரை மாதிரி ஒரு பச்சை வாடையும் வரும். புரூக்ளின்காரர்கள் அந்த ஒரே ஹாப்ஸை வைத்து 7.2% செசோன் காய்ச்சி அதே பெயரை வைத்தார்கள். இதையும் டுபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் இரண்டிலும் எலுமிச்சை இருக்கும், ஆனால் அது நிற்கும் இடம் வேறு. சொராச்சி ஏஸில் அது தனியாக, கூர்மையாக, மேலே நிற்கும், இலையும் தண்டும் நசுக்கிய பச்சை வாசம் கூடவே வரும். டுபோனில் எலுமிச்சை தனியாக நிற்காது, பேரிக்காயோடும் மிளகோடும் கரைந்து கிடக்கும், எங்கே எலுமிச்சை முடிந்து எங்கே மிளகு ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது.

டேங்க் 7 இந்த இரண்டுக்கும் நடுவில். அமரில்லோவின் கிரேப்ஃப்ரூட் முன்னால் வரும், அதாவது பம்ப்ளிமாஸின் சுளையும் அந்த வெள்ளைச் சதையின் கசப்பும் சேர்ந்த மாதிரி, பின்னால் ஈஸ்ட்டின் மிளகு. கொஞ்சம் சத்தமாகப் பேசுகிற பீர், 8.5% என்பது இரண்டாவது கிளாஸில்தான் தெரியும். எனக்கு டுபோன்தான் மேல், ஆனால் பழகாதவருக்கு ஒன்றைக் கையில் கொடுத்து பழ வாசனை வருகிறதா என்று கேட்க வேண்டுமானால் டேங்க் 7ஐத்தான் கொடுப்பேன்.

இதைப் பிரிக்க ஒரு சோதனை உண்டு. குளிராக இருக்கும்போது ஒரு தடவை முகர்ந்து எழுதிக்கொள்ளுங்கள், கிளாஸை அப்படியே அரை மணி நேரம் விட்டு 14, 15 டிகிரிக்கு வந்தபின் மறுபடி முகருங்கள். ஈஸ்ட் கொடுத்த பழமும் மசாலாவும் பெரும்பாலும் சூடேற ஏற விரியும், புதுசாகப் பேரிக்காயும் வைக்கோலும் எட்டிப் பார்க்கும். ஹாப்ஸின் எலுமிச்சை முதல் முகர்விலேயே உச்சத்தில் இருந்துவிட்டுப் பிறகு மெல்ல அடங்குவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இது சட்டம் இல்லை, ஹாப்ஸ் எண்ணெயை ஈஸ்ட்டே மாற்றி வேறு வாசனை ஆக்குவதும் நடக்கிறது, ஜெரானியால் என்ற ரோஜா வாசனைப் பொருள் ஈஸ்ட்டிடம் போய் சிட்ரோனெல்லால் என்ற எலுமிச்சைச் சாயல் பொருளாக மாறும். அந்த அளவுக்குப் போனால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று மூக்கால் பிரிக்க முடியாது, விட்டுவிடலாம்.

வாயில் வைத்தபின்

சின்ன வாய், நாக்கு முழுக்கப் படரவிட்டு இரண்டு மூன்று விநாடி, விழுங்கிவிட்டு வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். பாதி ருசி அந்த வெளிமூச்சில்தான் இருக்கிறது, ஒயின் மாதிரித் துப்பிவிட்டால் அது போய்விடும், பீரின் கசப்பும் விழுங்கும்போதுதான் முழுசாகத் தெரியும்.

இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். பழம் இருக்காது. லேசான கசப்பு, கேஸின் குத்தல், துளி புளிப்பு, அவ்வளவுதான். மூக்கை விடுங்கள், ஆரஞ்சு திரும்ப வந்து நிற்கும். முகரும்போது இனிப்பாகத் தோன்றிய பீர் நாக்கில் ஏன் இனிப்பே இல்லாமல் இருக்கிறது என்ற குழப்பம் இதோடு தீர்ந்துவிடும், பழம் முழுக்க வாசனையில்தான் இருக்கிறது, நாக்குக்குச் சர்க்கரை ஏதும் மிச்சம் இல்லை.

ஏன் மிச்சம் இல்லை என்றால், இந்த ஈஸ்ட் வகைகளில் பலவற்றுக்கு மற்ற ஈஸ்ட் தொடாத பெரிய சர்க்கரைச் சங்கிலிகளையும் அறுக்கிற ஒரு என்சைம் உண்டு, டயஸ்டாட்டிகஸ் என்று அந்த வகைக்குப் பெயர். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்துக்கொண்டால் நொதித்து முடிந்த செசோன் வழக்கமாக 1.002 முதல் 1.008 வரைதான் நிற்கும், பவேரியக் கோதுமை பீர் 1.008 முதல் 1.014 வரை. கிராம்பு வாசனை இரண்டிலும் ஒன்றே, ஆனால் கோதுமை பீர் வாயில் மெத்தென்று உட்காரும், செசோன் துடைத்துவிட்டுப் போகும். விழுங்கி பத்து விநாடி கழித்து நாக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வறண்டு, மிளகின் சுள்ளென்ற சூடு தொண்டையில் நின்று, கசப்பு மெதுவாக இறங்கி, கை தானாக அடுத்த வாய்க்குப் போனால் அது நல்ல செசோன். உதடு பிசுபிசுத்து தேன் மாதிரி ஒட்டினால் லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு அது செசோன் இல்லை.

புளிப்பா கேஸா

நாக்கில் எலுமிச்சை புளிக்கிறது என்று எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். செசோனில் கேஸ் மிக அதிகம், அது கரையும்போது கார்பானிக் அமிலமாகி நாக்கைக் கிள்ளும், அதைப் பலர் எலுமிச்சைப் புளிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் பீரை வேறு கிளாஸில் விட்டு ஸ்பூனால் நன்றாக அடித்துக் கேஸை வெளியேற்றிவிட்டுக் குடித்துப் பாருங்கள். புளிப்பு காணாமல் போனால் அது கேஸ். அப்படியே நின்றால் நிஜமான அமிலம், பெரும்பாலும் தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலம்.

டுபோனில் இப்படிச் சோதித்தால் புளிப்பு பெரும்பகுதி போய்விடும். டெக்சாஸில் ஆஸ்டின் பக்கத்தில் இருக்கும் ஜெஸ்டர் கிங் மாதிரி பிரூவரிகளில் ஈஸ்ட்டோடு பாக்டீரியாவும் வேறு காட்டு ஈஸ்ட்டும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள், அங்கே புளிப்பு நின்று பேசும், கீழ்த்தாடையின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறும். வெர்மான்ட்டில் கிரீன்ஸ்போரோ என்ற குக்கிராமத்தில் இருக்கும் ஹில் ஃபார்ம்ஸ்டெட் பிரூவரியின் ஆர்தர் என்ற செசோன் 6% தான், அதில் புளிப்பு இதைவிட மென்மை, எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீர் அளவுக்குத்தான். தட்டில் வைத்த அந்த ஒரு ஸ்பூன் சாறு இங்கேதான் வேலைக்கு வரும், தோலா சாறா என்று திரும்ப முகர்ந்து ஒப்பிடுங்கள். தோல் வாசம் மட்டும் என்றால் ஈஸ்ட்டும் ஹாப்ஸும், சாறும் சேர்ந்தால் அமிலமும் இருக்கிறது.

காட்டு ஈஸ்ட் என்று சொன்னேனே, அதில் பிரெட்டனோமைசிஸ் என்பது முக்கியமானது. 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த கிளாசன் என்பவர் பெயரிட்டது, பழைய இங்கிலாந்து பீர்களுக்குத் தனி வாசனை கொடுப்பது இதுதான் என்று அவர் காட்டினார். மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும், இளசாக இருக்கும்போது அன்னாசிப் பழம், வயசானால் பதனிட்ட தோல், மாட்டுத் தொழுவம், குதிரை வேர்வை. கேட்க அருவருப்பாக இருக்கும், அளவாக இருந்தால் பழ வாசனைக்குக் கீழே ஒரு ஆழம் கொடுக்கும். பண்ணை பீர் என்றாலே இந்த வாசம் இருக்க வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். டுபோனில் இது கிடையாது, அதைவிடப் பண்ணை பீர் எது என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கலாம்.

நிஜமாகவே பழத்தோல் போட்டவை

இது சுலபம், பல நேரம் லேபிளிலேயே இருக்கும். பிப்பே என்ற ஊரில் இன்னும் நீராவி இயந்திரத்தில் காய்ச்சுகிற வபேர் பிரூவரியின் செசோன் தெ பிப்பேயில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போடுகிறார்கள். நியூயார்க் மாநிலத்து ஒம்மெகாங் பிரூவரியின் ஹென்னெபின் என்ற செசோனில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் இஞ்சியும் உண்டு. லேபிள் சொல்லாவிட்டால் கொத்தமல்லி விதையைத் தேய்த்து முகர்ந்துவிட்டு பீரை முகருங்கள். பெல்ஜியத்தில் ஆரஞ்சுத் தோல் போடும் இடத்தில் கொத்தமல்லி விதையும் பெரும்பாலும் கூடவே போகும், அதில் இருக்கும் லினலூல் தானே ஒரு எலுமிச்சைச் சாயல் கொடுக்கும். நம் வீட்டுக் குழம்புப்பொடியில் அதை நாள்தோறும் முகர்ந்து வளர்ந்த நமக்கு இதைக் கண்டுபிடிப்பது வெள்ளைக்காரர்களைவிடச் சுலபம், இந்த ஒரு விஷயத்தில் தைரியமாகப் பேசலாம். மசாலா போட்டவற்றில் கடைசி வரை ருசி ஒரே தட்டையாக வரும், ஈஸ்ட்டின் மிளகு மாதிரி மேலே ஏறி இறங்காது, இதுதான் எனக்கு அதில் இருக்கும் குறை.

எது குணம், எது கெட்டுப்போனது

வைக்கோல், தொழுவம், பதனிட்ட தோல், மண் இதெல்லாம் இந்த வகையில் அனுமதி உண்டு. கருகிய ரப்பர் என்றால் வெளிச்சம் பட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் ஆக்சிஜன் போய்ப் பழசானது. நெய் அல்லது தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் என்றால் நொதிப்பில் உண்டாகும் டையசெட்டில் என்ற பொருள், செசோனில் அதற்கு இடமில்லை. நெயில் பாலிஷ், வினிகர் இரண்டும் மிக லேசாக இருந்தால் சிலர் பொறுத்துக்கொள்வார்கள், எனக்கு ஆகாது. வாந்தி வாடை வந்தால் கீழே ஊற்றிவிடுங்கள், அதற்கு எந்தப் பண்ணையும் சாக்கு ஆகாது.

ஆர்டென் மலைப்பகுதியில் சோய் என்ற ஊரில் 1988 முதல் நடக்கும் ஃபான்டோம் பிரூவரியின் 8% செசோனை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டிலில் ஸ்ட்ராபெர்ரியும் எலுமிச்சையும் பொங்கும், அடுத்ததில் வேறு ஏதோ. நிலையான ருசியை எதிர்பார்க்கிறவர் இதை வாங்கக் கூடாது. நல்ல பாட்டில் அகப்பட்டால் மற்றவையெல்லாம் கொஞ்சம் சாதுவாகத் தெரியும்.

எழுதி வைப்பதும் கண்கட்டிச் சோதிப்பதும்

அருமை, புத்துணர்ச்சி, சமநிலை மாதிரி வார்த்தைகளை எழுதாதீர்கள், ஒரு மாதம் கழித்துப் படித்தால் எந்த பீர் என்றே தெரியாது. பழத்தின் பெயர், தோலா சாறா, பழுத்ததா காயா, எத்தனை டிகிரியில் வந்தது, விழுங்கியபின் எவ்வளவு நேரம் நின்றது, இவ்வளவு போதும். உதாரணத்துக்கு: எலுமிச்சைத் தோல், குளிரில் மங்கல், சூடேறியதும் பேரிக்காயோடு சேர்ந்தது; மிளகு தொண்டையில்; புளிப்பு கேஸோடு போய்விட்டது; முடிவில் பம்ப்ளிமாஸ் சதையின் கசப்பு. இதைப் படிக்கிற யாருக்கும் அந்த பீர் என்னவென்று ஓரளவு தெரியும்.

நீங்கள் சொல்வதை நீங்களே நம்ப வேண்டுமானால் ஒரு நண்பரிடம் மூன்று கிளாஸில் ஊற்றித் தரச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. நிறம் காட்டிக்கொடுக்கும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தனித்து நிற்பது எது என்று கண்டுபிடியுங்கள். லேபிளைப் பார்த்தபடி பத்துப் பழப் பெயர் அடுக்குகிறவர்கள் பலர் இங்கே தடுமாறுவார்கள், கேலி செய்யாதீர்கள், அடுத்த முறை உங்கள் முறை.

கூடச் சாப்பிட ஆட்டுப்பால் சீஸ், வெண்ணெயில் வதக்கிய இறால், பெல்ஜியத்துக்காரர்கள் செய்கிற மாதிரி வேகவைத்த சிப்பி, வறுத்த கோழி எல்லாம் பொருந்தும். மிளகாய்க் காரம் தூக்கலான வறுவல் வேண்டாம், கேஸும் ஆல்கஹாலும் எரிச்சலைக் கூட்டிவிடும், அதன்பின் எலுமிச்சையாவது ஒன்றாவது. தேங்காய்ப்பால் விட்ட மீன் சொதி என்றால் சரி. ஆனால் ருசித்து எழுதி முடிக்கும் வரை எதுவும் வாயில் போடாமல் இருப்பதுதான் நல்லது, தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் தவிர.

பாட்டிலில் மிச்சம் வைத்த அந்த ஒரு அங்குலத்தைக் கடைசியில் லேசாகச் சுழற்றி, ஏற்கெனவே பாதி குடித்த கிளாஸில் ஊற்றுங்கள். பீர் கலங்கும், பழம் கொஞ்சம் மங்கி ரொட்டி மாவு வாசம் ஏறும், வாயில் கனம் கூடும், கசப்பும் ஒரு பிடி அதிகமாகும். சிலருக்கு இது பிடிக்கும், எனக்குத் தெளிந்த பாதிதான். பெரிய பாட்டிலில் மீதம் இருந்தால் ஷாம்பெயினுக்குப் போடுகிற இறுக்கு மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்துப் பாருங்கள். கேஸ் குறைந்திருக்கும், ஹாப்ஸ் வாசம் தளர்ந்திருக்கும், அப்போதும் கிளாஸில் நிற்கிற எலுமிச்சை பெரும்பாலும் ஈஸ்ட் போட்டது.